என்ன வேண்டுதல், சார்?

சென்ற புதன்கிழமை டென்மார்க்கில் இருக்கும் ஒருவருக்கு மெயில் அனுப்பினேன். நாலே கேள்விகள். நீங்கள் பிறந்த தேதி என்ன? எந்த ஊர்? எத்தனை மணி? காலையா, மாலையா?

ராஜகீழ்ப்பாக்கம் பிரௌசிங் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரர் என் திரையை எட்டிப் பார்த்தார். "பொண்ணுக்குப் பாக்கறீங்களா சார்? ஃபாரின் மாப்பிள்ளையா?" என்றார்.

எனக்குப் பெண் இல்லை. ஜாதகம் கேட்டதும் நான் இல்லை. திருநீர்மலை அடிவாரத்தில் பூ விற்கும் அலமேலு அம்மா. ஒரு பூக்காரம்மாவுக்கும் டென்மார்க்குக்கும் நடுவில் நான் எப்படி வந்தேன்? அதைச் சொல்ல வேண்டுமானால் பத்து கிலோ பொன்னி அரிசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன ஜூனில் பத்திரிகை ஆபீசில் என் லீவு சேர்ந்துகொண்டே போவதாகவும், எடுக்காவிட்டால் போய்விடும் என்றும் சொன்னார்கள். இருபது வருடமாக மற்றவர்கள் போய்வந்த ஊர்களுக்குத் தலைப்பு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை நானே போனால் என்ன?

நேபாளம் என்று முடிவு செய்தேன். அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி ஒரு நடைவழி. மூன்று வாரம் நடக்க வேண்டும். நடுவில் தொரோங் லா என்று ஒரு கணவாய், ஐயாயிரத்து நானூறு மீட்டர் உயரம். அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் இறக்கம்தான். இமயமலைக்குப் போவதற்கு வயது நாற்பத்தாறு கொஞ்சம் அதிகம். சொல்லாமல் விடுவதற்கு இன்னும் கொஞ்சம் அதிகம். ஆகவே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

வழிகாட்டிப் புத்தகம் இரண்டு கட்டளைகள் போட்டிருந்தது. ஒன்று, முதுகில் சுமையோடு படியேறிப் பழகுங்கள். இரண்டு, புது ஷூவை முன்கூட்டியே போட்டு நடந்து காலுக்குப் பழக்குங்கள். எளிய கட்டளைகள்தான். எழுதியவர் தாம்பரத்தைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

முதலில் பை. கடையில் விலை கேட்டேன், வெளியே வந்தேன். தாம்பரம் மார்க்கெட் பக்கம் பை தைக்கும் ரஃபீக் பாயிடம் ஒரு படத்தைக் காட்டி இடுப்புக்கு ஒரு வார், நெஞ்சுக்கு ஒரு வார், தோளுக்கு இரண்டு என்று விளக்கினேன்.

"மக்காவுக்கு உம்ரா போறவங்க வந்து தெச்சுக்கினு போவாங்க சார். ஒருத்தர்கூட இவ்ளோ வாரு கேட்டதில்ல. நீங்க எந்தக் கோயிலுக்கு?"

"கோயில் இல்ல பாய். சும்மா, மலை ஏற."

"சும்மாவா?" டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வூட்ல எதுனா பிரச்னையா சார்?"

வீட்டில் பிரச்னை இல்லை. பையில் சுமை வைக்க வேண்டும் என்றதும் என் மனைவி பத்து கிலோ அரிசியைத் தூக்கிக் கொடுத்தாள். நிபந்தனை ஒன்றுதான். "திரும்பி வரும்போது பத்து கிலோ இருக்கணும்."

ராஜகீழ்ப்பாக்கத்தில் படி எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டு மாடிப்படி பதினாறு. அதில் ஏறி இறங்கினால் கீழ் போர்ஷன்காரர் கதவைத் திறந்து பார்க்கிறார். தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்துக்குப் போனேன். காலை ஆறு மணிக்கு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினேன், திரும்பினேன், ஏறினேன். ஆறாவது தடவை இறங்கும்போது ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் கீழ்ப்படியில் நின்றிருந்தார்.

"எங்க போறீங்க?"

"மேல."

"அப்புறம்?"

"கீழ."

பையைத் திறக்கச் சொன்னார். அரிசி. அவர் முகம் மலர்ந்தது. ரேஷன் அரிசியை ரயிலில் ஆந்திராவுக்குக் கடத்துபவர்களைப் பிடிப்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி. இந்த மாதிரி விசேஷ வார் வைத்த பையோடு யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். மோந்தார். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தார்.

"பொன்னி," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "போங்க. இங்க வராதீங்க."

தென்சென்னைப் புறநகரில் உயரமான இடமெல்லாம் ஒன்று கல்குவாரியிடம் இருக்கிறது, இல்லை சாமியிடம் இருக்கிறது. குவாரியில் படி கிடையாது. மிச்சம் சாமி. பல்லாவரத்துக்குப் பக்கத்தில் திருநீர்மலை. குன்றின் மேல் பெருமாள் கோயில், இருநூற்றுச் சொச்சம் படி. மேலே நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். வாரத்துக்கு மூன்று நாள் ஸ்கூட்டரில் அங்கே போக ஆரம்பித்தேன்.

அங்கேதான் அந்த இரண்டு கட்டளைகளும் ஒன்றோடொன்று மோதின. சுமையோடு ஏறலாம். ஷூவோடு ஏற முடியாது.

அடிவாரத்தில் பூவும் துளசியும் விற்பவர் அலமேலு அம்மா. ஐம்பது வயதிருக்கும். அவரிடம் ஒரு முழம் வாங்கினால் செருப்பைப் பார்த்துக்கொள்வார். என் புது டிரெக்கிங் ஷூவைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இன்னா சார் இது. காலுக்குப் போட்றதா, அம்மில கட்றதா?"

இப்படியாக என் ஷூ மூன்று மாதம் துளசிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காற்று வாங்கியது. நான் வெறுங்காலோடு, முதுகில் பத்து கிலோ அரிசியோடு, வியர்வை வழிய, ஒரு நாளைக்குப் பத்து தடவை கோயில் படியேறி இறங்கினேன். வாரத்துக்கு மூன்று நாள். தவறாமல்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? அதை நான் யோசிக்கவில்லை. செய்தி எழுதுகிறவர்களுக்குள்ள வியாதி இது. தான் செய்தியாவது தெரியாது.

முதல் வாரம் எனக்கு வழிவிட்டார்கள். இரண்டாம் வாரம் வயதான ஒருவர் என் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்றாம் வாரம் நடுப்படியில் ஒரு பெண்மணி என்னை நிறுத்தி, ஒரு சொம்புத் தண்ணீரை என் பாதங்களில் ஊற்றி, மஞ்சள் வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த படியில் வழுக்கி விழப்பார்த்தேன். மூன்று பேர் தாங்கிப் பிடித்தார்கள். "மூட்டை கீழ படக்கூடாது, மூட்டையைப் புடிங்க" என்றது ஒரு குரல். என்னைப் பிடிக்கச் சொல்லவில்லை.

அன்றைக்குக் கீழே இறங்கியதும் அலமேலு அம்மா நேரடியாகக் கேட்டார். "இன்னா வேண்டுதல் சார்?"

"வேண்டுதல் இல்லம்மா. எக்ஸர்சைஸ்."

"எக்ஸர்சைஸுன்னா பார்க்கு கீது, பீச்சு கீது. அரிசி மூட்டையத் தூக்கினு, செருப்பு இல்லாம, சனிக்கெழம சனிக்கெழம பெருமாள் கோயிலுக்கு வர்றதுக்குப் பேரு எக்ஸர்சைஸா?"

இப்படி அடுக்கிச் சொல்லும்போது எனக்கே சந்தேகமாக இருந்தது.

மேலே பட்டர், நான் தப்பிக்க மிச்சமிருந்த கதவையும் சாத்தினார். எங்கே பயணம் என்று கேட்டார், நேபாளம் என்றேன். எந்தப் பக்கம் என்றார், தொரோங் லா என்றேன். அந்தப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. "அதைத் தாண்டினா என்ன வரும்?"

முக்திநாத் வரும். வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. சொன்னேன். பட்டரின் கண்கள் விரிந்தன. "அதுதான் சாளக்கிராமம். நூத்தெட்டு திவ்யதேசத்துல ஒண்ணு. இதுவும் ஒண்ணு. இங்கேர்ந்து அங்க, நடந்தே போறேளா?"

"கொஞ்ச தூரம் ரயில்ல..."

அவர் காதில் விழவில்லை. ஒரு வாரத்தில் அடிவாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் கூலியில்லாமல் சுமை தூக்குகிறவன் ஒன்று சாமிக்குத் தூக்க வேண்டும், இல்லை பைத்தியமாக இருக்க வேண்டும். மூன்றாவது கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. நான் சாமியை டிக் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்திய சனிக்கிழமை அலமேலு அம்மா என் ஷூவை எடுத்துக் கொடுத்துவிட்டு, நாலாக மடித்த ஒரு கோடு போட்ட தாளையும் கொடுத்தார். உள்ளே பள்ளிக்கூடக் கையெழுத்தில் இரண்டே சொற்கள். சுமதி, உத்திரட்டாதி.

"எம் பொண்ணு சார். ரெண்டு தபா தங்கல. ஒண்ணு மூணு மாசத்துல போச்சு, ஒண்ணு ஏழு மாசத்துல. இது மூணாவது. கார்த்திகைல டைம் குத்துருக்காங்க. நீ அங்க போய் இத்த சாமி காலாண்ட வெச்சுடு. நடந்து போற கால்ல போனாத்தான் அதுக்கு மரியாத."

இதற்கு மேலும் சும்மா இருப்பது நியாயமில்லை என்று பட்டது. "அலமேலும்மா, நான் சொல்றதக் கேளுங்க. எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. சும்மா போறேன்."

அவர் துளசியைக் கட்டிக்கொண்டே சொன்னார். "வேண்டுதல வெளிய சொல்லக்கூடாதுன்னு எனக்கும் தெரியும் சார். அப்பால நான் கேட்டனா?"

சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன்.

காத்மாண்டுவில் தமேல் என்பது பேக்பேக்கர்கள் இறங்கும் பேட்டை. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் ஒரே தொளதொளப் பேண்ட்டுக்கு மாறிவிடுகிறார்கள். ஒரே வாழைப்பழ பான்கேக் சாப்பிடுகிறார்கள். "டூரிஸ்டுகள் போகாத இடத்துக்குத்தான் நான் போவேன்" என்கிறார்கள். ஒரே மேஜையில் ஒன்பது பேர் இதைச் சொல்லக் கேட்டேன். ஒன்பது பேர் கையிலும் ஒரே வழிகாட்டிப் புத்தகம். ஒரே பதிப்பு.

அவர்களுக்குள் சீனியாரிட்டி உண்டு. அது நாடுகளின் எண்ணிக்கையில் இல்லை, வயிற்றுப்போக்கின் நாட்களில். தாய்லாந்தில் நாலு நாள் போனவர் பேசும்போது மற்றவர்கள் பீர் குடித்தார்கள். லாவோஸில் பதினொரு நாள் போனவர் வாயைத் திறந்ததும் மேஜையே அமைதியானது.

அங்கே வாய்த்தவர்தான் ஆண்டர்ஸ். டென்மார்க். இருபத்தாறு வயது. கழுத்தில் உருத்திராட்சம், கையில் செம்பு வளையம், பனியனில் ஓம். தன்னைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கோவாவில் தேடியிருக்கிறார். ரிஷிகேஷில் தேடியிருக்கிறார். லாவோஸில் ஆற்றில் டயர் டியூபில் மிதந்தபடி தேடியிருக்கிறார். மூன்று வருடமாக. பஸ் பாஸ் தொலைந்தால்கூட நாம் மூன்று நாளுக்கு மேல் தேடுவதில்லை.

அவரும் தொரோங் லா போவதாகச் சொன்னதால் சேர்ந்து நடந்தோம். முதல் செக்போஸ்டில் பதிவேடு. பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் ஆண்டர்ஸுக்கு 'டிரெக்கிங்' என்று எழுதினார் அலுவலர். அடுத்து என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்காமல் 'தீர்த்த யாத்திரை' என்று எழுதினார். திருநீர்மலையிலிருந்து தகவல் வந்திருக்க வேண்டும்.

வழியெல்லாம் ஆண்டர்ஸ் பேசினார். மலைக்கு ஒரு சக்தி இருக்கிறதாம். சுமைதான் நம்மைத் தரையோடு இணைக்கிறதாம். அதைச் சொல்லும்போது எங்களைத் தாண்டி ஒருவர் ஏறினார். ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. நெற்றியில் பட்டை, அதிலிருந்து முதுகில் தொங்கும் பீர் பெட்டிகள், காலில் ஹவாய் செருப்பு. மேலே இருக்கும் லாட்ஜுகளுக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அவர் எதையும் தேடவில்லை, கால் வைக்க இடத்தைத் தவிர. அவர் பாதத்தில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பீர் எங்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் என் குதிகால் பேச ஆரம்பித்தது. மூன்று மாதம் துளசி வாசனையில் ஓய்வெடுத்த ஷூ, இப்போது என் காலைப் பழக்கியது. இரண்டு குதிகாலிலும் எட்டணா அளவு கொப்புளம். உடைந்தது, திரும்ப வந்தது. என் பாதத்தின் அடிப்பக்கம் மட்டும் அருமையாக இருந்தது. திருநீர்மலைப் படிகள் அதை நன்றாகத் தேய்த்திருந்தன. இமயமலையை வெறுங்காலில் ஏறச் சொல்லியிருந்தால் ஏறியிருப்பேன்.

மனாங் என்ற ஊரை நொண்டிக்கொண்டே அடைந்தேன். ஒரு நாள் படுத்தேன். மறுபடி நடந்தேன். கணவாய்க்குக் கீழே கடைசித் தங்குமிடம் தொரோங் பேடி. அங்கே போய்ச் சேர்ந்த மதியம் தலைக்குள் யாரோ மிளகாய் இடிப்பது போல் இருந்தது. சாப்பிட்டது நிற்கவில்லை. லாட்ஜ்காரர் என் கண்ணைப் பார்த்தார், என்னைக் கோடு மாதிரி நேராக நடக்கச் சொன்னார். நடந்தேன். நேராக இல்லை.

"உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே," என்றார். "இன்றைக்கே."

தோற்றவர்களுக்கென்று சில வாக்கியங்கள் உண்டு. மலை எங்கும் போய்விடாது, அடுத்த வருடம் வரலாம், உயிர் முக்கியம்... எல்லாவற்றையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாஸ்போர்ட்டை எடுத்துவைக்கும்போது சீட்டு கீழே விழுந்தது. சுமதி, உத்திரட்டாதி.

அதற்கு ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை.

முற்றத்தில் ஆண்டர்ஸ் ஷூவுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஊரில் ஒரு பூக்காரம்மா. அவர் மகள். இரண்டு குழந்தைகள் போய்விட்டன, மூன்றாவது வயிற்றில். இந்தச் சீட்டு மறுபக்கக் கோயிலுக்குப் போக வேண்டும், நடந்து போக வேண்டும். நான் நடக்க முடியாது.

சக்தி, அதிர்வு, பிரபஞ்சம் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சீட்டை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை எப்படிச் சொல்ல வேண்டும்?"

சுமதி சீக்கிரம் வந்துவிட்டது. உத்திரட்டாதிக்கு டேனிஷ் நாக்கு ஒத்துழைக்கவில்லை. நான் மட்டக்குதிரையில் ஏற்றப்பட்டுக் கீழே இறங்கும்போது, அந்த நெட்டை மனிதர் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். உத்திர... உத்திரட்... வளைவு திரும்பும்வரை கேட்டது.

போக்ராவில் கட்டுப்போட்ட காலோடு ஒரு வாரம் கழித்து மெயிலைத் திறந்தேன். ஒரு போட்டோ வந்திருந்தது. அங்கே இணைய வேகம் நம் செம்பாக்கம் வேகம்தான். படம் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் ஆகாயம். பிறகு ஈரமான தலைமுடி. நீலம் பாரித்த உதடு. இரண்டு கையிலும் பிடித்த கோடு போட்ட தாள். கடைசியாக, ஓரத்தில் உறைபனி படிந்த கல்தரையில், வெறுங்கால்.

கீழே எழுதியிருந்தார்: "வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டேன். அது சரிதானே? பூசாரிக்கு உங்கள் எழுத்து படிக்கத் தெரியவில்லை. அதனால் நானே சொன்னேன். இங்கே நூற்றெட்டு நீர்த்தாரைகள் இருக்கின்றன. தவறு வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் கீழும் நின்று ஒரு தடவை சொன்னேன். இப்போது நாலு நாளாகக் காய்ச்சல்."

தன்னைத் தேடுவது பற்றி அந்த மெயிலில் ஒரு வரியும் இல்லை.

ஊர் திரும்பி இரண்டு வாரம் நான் திருநீர்மலைப் பக்கம் போகவில்லை. குதிகால் ஆறவில்லை என்று வீட்டில் சொன்னேன். மனைவி குதிகாலைப் பார்த்தாள்.

சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. "சீட்டு சேர்ப்பிக்கப்பட்டுவிட்டது." பாருங்கள், இதில் பொய் எங்கே இருக்கிறது? யார் சேர்ப்பித்தார் என்றுதான் இல்லை. லாரி கவிழ்ந்ததிலிருந்து அரசு கவிழ்ந்தது வரை இப்படித்தான் எழுதுகிறோம். இருபது வருட அனுபவம் ஒரு பூக்காரம்மாவைச் சமாளிக்க உதவாதா?

"நாள் நெருங்குது இல்ல அந்தப் பொண்ணுக்கு?" என்றாள் மனைவி ஒரு நாள். "அந்தம்மா நிம்மதியா இருக்கறதா, பயந்துகிட்டு இருக்கறதா? போய்ச் சொல்லிட்டு வாங்க."

போனேன். அலமேலு அம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டார். எழுந்து நின்றார். "சார் வந்துட்டாரு. போய்ச் சேந்தியா சார்?"

வாயைத் திறந்தேன். தயாரித்த வாக்கியம் வரவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் எழுவாய் இல்லாமல் பேச முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஷூ, கொப்புளம், வாந்தி, மட்டக்குதிரை. நான் பாதியில் இறங்கிவிட்டேன். வேறொருத்தன் எடுத்துப் போனான். வெள்ளைக்காரன். நம் சாமியும் இல்லை, நம் ஊரும் இல்லை.

அவர் கையில் பூ அப்படியே நின்றது. எனக்கு மறுபடி மலை ஏறுவது போல் இருந்தது.

"அந்தாளு நடந்தா போனான்?"

"நடந்துதான்."

"செருப்பு கழட்டினானா?"

"கழட்டினான். போட்டோ இருக்கு."

பிரிண்ட்டை நீட்டினேன். அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"கறி துன்னுவானா?"

இதைக் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை. மனாங்கில் ஆண்டர்ஸ் யாக் மாட்டு இறைச்சியை ரசித்துச் சாப்பிட்டதை நேரில் பார்த்தவன் நான். "அதுக்கு மூணு நாள் முன்னாடி சாப்ட்டான்."

மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "மூணு நாளு ஆச்சுல்ல. வுடு." பூவை மறுபடி கட்ட ஆரம்பித்தார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. "நூத்தெட்டு தபா சொன்னானா எம் பொண்ணு பேர? பெத்தவ நானே சொல்லல. அந்தப் புள்ளைக்கு நச்சத்திரம் இன்னா?"

"தெரியாதும்மா."

"பத்து நாளு கூட நடந்திருக்க. நச்சத்திரம் கேக்கல?" முதல் தடவையாக அவருக்கு என் மேல் கோபம் வந்தது. "கேட்டு வையி. கொழந்த பொறந்ததும் அவன் பேருக்கு ஒரு அர்ச்சன பண்ணணும்."

கேட்கவில்லை. என்னவென்று எழுதுவது? நாள் போய்க்கொண்டிருந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டில் போன் அடித்தது. ஒரு ரூபாய் காயின் பூத்திலிருந்து, பின்னணியில் பஸ் சத்தத்தோடு, அலமேலு அம்மா.

"சார், பொறந்துடுச்சு. பொண்ணு. ரெண்டே முக்கா கிலோ. நல்லா கத்துது சார், வார்டே பேஜார் ஆயிடுச்சி." மூக்கை உறிஞ்சினார். பிறகு குரல் மாறியது. "நச்சத்திரம் கேட்டியா, இல்லியா?"

அதுதான் புதன்கிழமை மெயில். மறுநாளே பதில் வந்துவிட்டது. அம்மாவைக் கேட்டாராம். ஆர்ஹுஸ் என்ற ஊர், விடியற்காலை ஐந்து நாற்பது. குழந்தை பிறந்த செய்திக்கு ஒரு வரி: "நான் வேலை நேரத்தில் அழுதுவிட்டேன்." இப்போது ஊரில் ஏதோ சைக்கிள் கடையில் வேலையாம்.

தாம்பரத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் போடுகிறவரிடம் போனேன். லிஸ்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "டென்மார்க் இல்ல சார். ஜெர்மனி போட்டுடட்டுமா? பக்கம்தானே?" போட்டார். அஸ்தம், கன்னி ராசி. "திருமணத்துல கொஞ்சம் தாமதம் இருக்கு" என்று இலவசமாகச் சேர்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை படியேறினோம். மகளுக்குப் பிறந்ததால் மூன்று நாள் தீட்டு, அதுவும் கழிந்துவிட்டது என்று அலமேலு அம்மா வழியில் சொல்லிக்கொண்டே வந்தார். என் முதுகில் இந்தத் தடவை மூட்டை இல்லை. யாரும் வழிவிடவில்லை.

பட்டர் தட்டை வாங்கினார். "பேர்?"

"ஆண்டர்ஸ்."

ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அலமேலு அம்மாவைப் பார்த்தார். குனிந்துகொண்டார். "நட்சத்திரம்?"

"அஸ்தம்."

"கோத்திரம்?"

யாருக்குத் தெரியும்? ஆண்டர்ஸுக்கே தெரியாது.

"விஷ்ணு கோத்திரம்னு சொல்லிடறேன்," என்று உள்ளே திரும்பினார். கணீரென்று சொன்னார். மூன்று வருடம் ஆசியா முழுக்கத் தன்னைத் தேடியவர். பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் திருநீர்மலையில் இருந்திருக்கிறது.

தீபாராதனை முடிந்தது. பட்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க பேர், நட்சத்திரமும் சொல்லுங்கோ. முக்திநாத் போயிட்டு வந்தவர் ஆச்சே."

நான் வாயைத் திறப்பதற்குள் அலமேலு அம்மா குறுக்கிட்டார்.

"அவுருக்கு இன்னாத்துக்கு சாமி? அவுரு எக்ஸர்சைஸுக்கு வந்தவரு."